ஜன்னல் இல்லாத கலங்கரை விளக்கம்

படகு வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருக்கிறது, கறுப்புக் கடலில் வெள்ளைக் கோடுகளாக அலை, அலை என்று நாமாகச் சொல்லிக்கொண்டால்தான் அலை, இல்லாவிட்டால் யாரோ ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு, மூலையில் ஒரு பாறை, பாறையின் மேல் கலங்கரை விளக்கம், அதற்குக் கதவு உண்டு, ஜன்னல் கிடையாது, படகில் இருப்பவனுக்கு முகமும் கிடையாது, நாலு புள்ளிதான், ஆனாலும் அது நான்தான் என்று எனக்குத் தெரியும், துடுப்பு தண்ணீரில் விழும்போதெல்லாம் டிக் என்று ஒரு சத்தம், சங்கீதம் அவ்வளவுதான், திரையில் பக்கத்துச் சதுரத்தில் அதே படகு அதே நேரத்தில் நீலக் கடலில் போகிறது, நிலா வெளிச்சம் உடைந்து உடைந்து மிதக்கிறது, புல்லாங்குழல் என்ன, வயலின் என்ன, மாப்பிள்ளை ஊர்வலம் தோற்றது, அந்தக் கலங்கரை விளக்கத்துக்கு ஜன்னல் இருக்கிறது, ஜன்னலில் ஒரு பெண் நின்று கை வீசுகிறாள், என் மனைவி டெல்மா அந்தச் சதுரத்தைத்தான் பார்க்கிறாள், என்னுடைய சதுரம் என்று ஒன்று இருப்பதே அவள் கண்ணில் படவில்லை.

இந்த வீடியோவைத் தேடிப் பிடித்து டிவியில் போட்டவன் நானேதான், என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் குழம்பு சாப்பிட்ட கை இன்னும் மணக்கிறது, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன், பழைய சாகச விளையாட்டு ஒன்றின் தொடக்கம் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் எப்படி எப்படி இருந்தது என்று திரையை நாலாகப் பிரித்து ஓடவிட்டிருக்கிறான், அதன் பெயர் இங்கிலீஷில் நீளமாக இருக்கும், நாங்கள் தீவு என்றே சொல்வோம், நாங்கள் என்றால் நானும் டெல்மாவும், கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே சாமான் அது, நான் விருதுநகர், அவள் தூத்துக்குடி, சாதி வேறு, சாமி வேறு, குழம்பு வேறு, ஆனால் இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே தீவுக்குப் போனவர்கள் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன், ஒரே தீவா இது, வலது கீழ்ச் சதுரத்தில் கடல் ரோஸ் நிறத்தில் இருக்கிறது, ஆபீஸ் கம்ப்யூட்டரில் அப்படியாம், அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம், அதோடு என் சிரிப்பு நின்றுவிட்டது.

என் அக்காவின் வீட்டுக்காரர் பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்த பழைய ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர், ரப்பர் கட்டைகள் வைத்த சின்னப் பெட்டி, வீட்டிலிருந்த கறுப்பு வெள்ளை டிவியில் மாட்டுவேன், விளையாட்டு கேசட்டில் இருக்கும், டேப் ரெக்கார்டர் ஓடி அது பெட்டிக்குள் ஏறி முடிகிறவரை கீயென்று காதைக் கிழிக்கும், பக்கத்து வீட்டில் மிக்ஸி போட்டால் டிவியில் கோடு விழும், போச்சு, மறுபடி முதலிலிருந்து, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பேன், வீடியோக்காரன் அந்தக் காத்திருப்பை எல்லாம் வெட்டித் தூக்கிவிட்டான், என்னுடைய தீவில் பாதி அதுதான் என்று அவனுக்கு யார் சொல்வது, காத்திருந்து காத்திருந்து கடைசியில் படகு வரும், கரைக்குப் போவேன், கதவைத் திறப்பேன், படி ஏறுவேன், பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், அக்கா எட்டிப் பார்த்து, இந்த இருட்டை எதுக்குடா பாத்துக்கிட்டு இருக்க என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள்.

டெல்மா பார்த்தது ராய்ஸ்டன் வீட்டில், அவளுக்கு எதிர்வீட்டுப் பையன், அவன் அப்பா கப்பலில் இன்ஜினியர், ஹாம்பர்க்கிலிருந்து அமிகா கம்ப்யூட்டரும் கலர் மானிட்டரும் கொண்டுவந்தாராம், பள்ளிக்கூடம் விட்டதும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் ஓடுவாளாம், அவன் இப்போதும் தூத்துக்குடியில் ஐஸ் ஃபாக்டரி வைத்திருக்கிறான், எங்கள் கல்யாணத்துக்கு வந்தான், என்னைவிட ஒரு தலை உயரம், மேடையேறி என் முன்னாலேயே, ஏட்டி டெல்மா, சேலையில ஆளே மாறிட்டியே என்றான், ஏட்டி என்று ஒரு நாள் நானும் கூப்பிட்டுப் பார்த்தேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், உங்களுக்கு அது வரலங்க, விட்டுருங்க என்றாள், கிறிஸ்துமஸ் வந்தால் அவனிடமிருந்து ஒரு டின் மக்ரூன் வந்துவிடும், பல்லில் ஒட்டும், எனக்கு வேண்டாம் என்பேன், ஒட்டாது, வாயில் வைத்த உடனே கரைந்துவிடும், அதுதான் எனக்கு எரிச்சல், டெல்மா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவாள், இப்போதும் மடியில் அந்த டின்தான் இருக்கிறது, ஜன்னல் பெண் கை வீசுகிறாள், டெல்மா வாய்க்குள் அந்தப் பாட்டை முணுமுணுக்கிறாள், எங்கள் வீட்டுச் சமையலறையில் இத்தனை வருஷமாக நான் கேட்ட முணுமுணுப்பு, ஏதோ கோயில் பாட்டு என்று நினைத்திருந்தேன், ராய்ஸ்டன் வீட்டுப் பாட்டா இது, என் வீட்டு அடுப்படியில் இத்தனை நாளும் அவன் உட்கார்ந்திருந்தானா, வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

சென்னையில் கிண்டி ஆபீஸில்தான் அவளை முதலில் பார்த்தேன், சாப்பாட்டு நேரம், யாரோ கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று சலித்துக்கொள்ள, இவள், தீவுப் படகு மாதிரி வந்துக்கிட்டே இருக்கும், லேசுல வந்து சேராது என்றாள், எந்தத் தீவு என்றேன், சொன்னாள், பாறை, படகு, கலங்கரை விளக்கம், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, நான் அதில் ஏறியிருக்கிறேன் என்றேன், அவள் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது, உள்ள போயிருக்கீங்களா, என்ன இருந்துச்சு என்றாள், ஒரு மேஜை, மேஜை மேல ஒரு சாவி என்றேன், என்னையே பார்த்தாள், தனியாவா ஏறினீங்க என்று கேட்டாள், ஆமாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன், அந்தப் பார்வையை வைத்துத்தான் நான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், யாரும் ஏறாத இடத்தில் ஏறியவனைப் பார்க்கிற பார்வை அது என்று.

அமிகா சதுரத்தில் படகு கரையைத் தொட்டது, பாட்டு நின்றது, இரண்டாவது டிஸ்க்கைப் போடு என்று திரையில் எழுத்து வந்தது, டெல்மா சட்டென்று சிரித்தாள், அவ்வளவுதாங்க, இங்க முடிஞ்சிரும் என்றாள், என்ன முடிஞ்சிரும் என்றேன், ராய்ஸ்டன்கிட்ட முதல் டிஸ்க்குதான் இருந்துச்சு, யாரோ காப்பி பண்ணிக் குடுத்தது, ரெண்டாவது வரவே இல்ல, படகு வரும், அவ கை வீசுவா, டிஸ்க் கேக்கும், அணைச்சிட்டு மறுபடி போடுவோம் என்றாள், எனக்கு உள்ளுக்குள் ஒரு குதி, அவ்வளவு கலர், அவ்வளவு பாட்டு, வாசலோடு சரி, ஐஸ் ஃபாக்டரிக்காரன் படியில் கால் வைக்கவில்லை, அப்ப தினமும் இதையே பாக்கவா ஓடின என்றேன், இல்லங்க, திரை அணைஞ்சதும் உள்ள என்ன இருக்கும்னு அவன் சொல்லுவான், தினம் ஒண்ணு, ஒரு நாள் உள்ள பூரா உப்பும்பான், ஒரு நாள் பாட்டிலுக்குள்ள கப்பலும்பான், ஒரு நாள் அவ வான்னு கை வீசல, போயிருன்னு வீசுதாம்பான், அன்னைக்கு நான் பயந்து வீட்டுக்கு ஓடி வந்துட்டேன் என்றாள், இருட்டான திரை முன்னால் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தன் சொல்கிறான், ஒருத்தி கேட்கிறாள், அதற்குக் கலர் மானிட்டர்கூட வேண்டாம், என் கறுப்பு வெள்ளை டிவியே போதும், அணைத்துவிட்டால் எல்லா டிவியும் ஒன்றுதானே, எனக்குப் பக்கத்தில்தான் ஆள் இல்லை.

நான் மேஜையும் சாவியும்னு சொன்னப்ப என்ன நினைச்ச என்று கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதானான்னு இருந்துச்சு என்றாள், மக்ரூன் தூள் ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டு, ரொம்பப் பாவமாவும் இருந்துச்சு, இவ்வளவு தூரம் தனியா ஏறி வெறும் மேஜைய பாத்துட்டு வந்திருக்காரு, அதையும் எவ்வளவு சந்தோஷமா சொல்லுதாரு பாருன்னு, அதான் உங்களக் கட்டிக்கிட்டேன், போதுமா என்றாள், பாவம் பார்த்தா என்றேன், அதுல என்னங்க குறைச்சல், அவனப் பாத்து எனக்குப் பாவமா இருந்ததே இல்ல என்றாள், இதை எந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வீடியோ முடிந்து தானாக மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது, கறுப்புக் கடல், வெள்ளைக் கோடு, நாலு புள்ளி, அவள் முன்னால் நகர்ந்து உட்காருகிறாள், இதா உங்களுது, ஐயோ, பாட்டுகூட இல்லையே என்கிறாள், பிறகு, அந்தச் சாவி எதுக்குங்க, நான் கேக்கவே இல்லையே என்கிறாள், சாவி எதற்கும் இல்லை, அந்தச் சின்னப் பெட்டியில் அதற்கு மேல் எதற்கும் இடமில்லை, எத்தனையோ மத்தியானம் அதை எல்லாக் கதவிலும் போட்டுப் பார்த்திருக்கிறேன், எதுவும் திறந்ததில்லை, அதைச் சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன், ஜன்னலுக்கு என்கிறேன், ஜன்னலா, இதுல ஜன்னலே இல்லையே என்கிறாள், இரு, வரும் என்கிறேன், என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது, அவள் ராய்ஸ்டன் வீட்டுப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்குகிறாள், வேறு பாட்டாக இருந்திருக்கலாம், எரிகிறதுதான், ஆனால் என் துடுப்பின் டிக் டிக்குக்கு அது சரியாகச் சேர்கிறது, உள்ள யாரு இருக்கா என்கிறாள், சொல்றேன், படகு முதல்ல வரட்டும் என்கிறேன், படகு வலமிருந்து இடமாகப் போய்க்கொண்டிருக்கிறது, டெல்மா என் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.