ரப்பர் மீனுக்கு ஒரு ராடு

விற்காத சரக்கும் கல்யாணமாகாத மாமனும் ஒன்று. நல்ல இடமாகப் பார்த்து அடைத்துக்கொண்டு நிற்பார்கள். வருகிறவர்கள் எல்லோரும் விசாரிப்பார்கள். கூட்டிக்கொண்டு போகத்தான் ஆள் வராது. மீன்பிடிச் சாமான் விற்கிற தூண்டில்காரர் கடையில் அப்படி ஒரு ராடு நான்கு வருஷமாக நின்றது. ஆறரை அடி நீளம், சீப்பைத் தூக்குகிற மாதிரி எடை, தக்கையில் செய்த அழகான பிடி. சின்ன மீனுக்கும் சின்ன இரைக்கும் தங்கமான கம்பு. ஆனால் அந்த ஊரில் நீர்த்தேக்கத்துக்குப் போகிறவர்கள் பாஸ் மீனுக்காகத்தான் போவார்கள். பாஸ் மீனுக்கு வாய் பெரிசு, வாய்க்கேற்ற இரையும் பெரிசு. மாமன் நின்றுகொண்டே இருந்தார்.

கடைசியில் தூண்டில்காரர் அதை எதிர்க்கடை மாஸ்டர் தலையில் கட்டினார். ஊர்த் தலையெல்லாம் பார்த்துப் பிழைக்கிற முடிவெட்டும் மாஸ்டர் தலையிலேயே கட்டுவது சாமானியமா? ஒரு வாரம் தூண்டில்காரருக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது.

ராடு வாங்க வந்த அன்று மாஸ்டர் கையில் ஒரு ரப்பர் மீனோடு வந்திருந்தார். பெட்டியில் அதற்கு சாஃப்ட் சுவிம்பெய்ட் என்று பேர் போட்டிருக்கும். ஒரு சாண் நீளம், தொட்டால் நிஜ மீன் மாதிரியே கொழகொழ, தண்ணீரில் இழுத்தால் வாலை ஆட்டிக்கொண்டு நீந்தும். வயிற்றுக்குள் ஈயம், முதுகில் தடியாக ஒரே ஒரு தூண்டில் முள்.

“அண்ணே, இதை வீசறதுக்குத் தோதா ஒரு ராடு குடுங்க. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நீங்க கை காட்டறதுதான்.”

‘ஒண்ணும் தெரியாது’ என்ற வார்த்தை வியாபாரி காதில் விழக்கூடாது. விழுந்துவிட்டால் அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் கை தானாக மூலைப் பக்கம் போகும். தூண்டில்காரர் கையும் போனது.

ஒவ்வொரு ராடிலும் பிடிக்கு மேலே, எத்தனை கிராம் இரையை அது வீசும் என்று இரண்டு எண் போட்டிருக்கும். அந்த எண்ணின் மேல்தான் தூண்டில்காரர் விலைச் சீட்டை ஒட்டியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இரண்டு எண்ணை மறைக்கக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சீட்டு போதும்.

மாஸ்டரும் ராடு வாங்க வருகிற எல்லோரும் செய்கிற காரியத்தையே செய்தார். வெறும் ராடைக் காற்றில் நாலு ஆட்டு ஆட்டினார். நுனியில் ஒன்றும் கட்டாமல் ராடைப் பார்ப்பது, காலியாக ஓட்டிப் பார்த்துப் பார வண்டி வாங்குகிற மாதிரி.

“ஆகா! கத்தரிக்கோல் மாதிரி உக்காருதே கையில!”

“உங்க கைக்குன்னே செஞ்சது மாஸ்டர்,” என்றார் தூண்டில்காரர்.

இரண்டு மாதம் போனது. ரெண்டு பேரும் எதிரெதிர்க் கடை, தினம் பார்த்துக்கொள்கிறவர்கள்தான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் தூண்டில்காரர், மீன் கிடைத்ததா என்று ஒருநாளும் கேட்கவில்லை. மாஸ்டரும் சொல்லவில்லை. சொல்லாமலே ஆள்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். “மாஸ்டர் சொன்னாரு, வாங்கினா உங்ககிட்டதான் வாங்கணும்னு” என்று வெட்டின முடி காலரில் ஒட்டியிருக்க யாராவது வந்து நிற்பார்கள். நல்ல வியாபாரம்.

சனிக்கிழமை காலையில் தூண்டில்காரர் வழக்கப்படி சவரத்துக்குப் போனார். பதினோரு வருஷமாக அவர் தாடையில் மாஸ்டர் கத்தியைத் தவிர வேறு கத்தி பட்டதில்லை. அன்று நுரை பூசி முடித்ததும் சேஃப்டி ரேசரோடு வந்து நின்றது மாஸ்டருடைய மச்சினன்.

“என்ன மாஸ்டர், எனக்கே ரேசரா?”

மாஸ்டர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து துண்டு மடித்துக்கொண்டிருந்தார். “இனிமே சவரமெல்லாம் அவன்தான் அண்ணே. நான் கத்தியை எடுக்கறதில்ல.”

“ஏன், கத்தி கோவிச்சுக்கிச்சா?”

“கை கோவிச்சுக்கிச்சு.”

மச்சினன் சிரித்தான். “அத்தான் இப்பல்லாம் டீ கிளாஸையே ரெண்டு கையால பிடிக்கறாரு. கேட்டா கை போச்சாம்.”

“நீ வேலையைப் பாருடா,” என்ற மாஸ்டர் துண்டைக் கீழே வைத்தார். “பதினாலு மீன் அண்ணே. பதினாலும் கவ்விச்சு. டொக்குனு மணிக்கட்டு வரைக்கும் தெரியுது. வெட்டி இழுக்கறேன், ஒரு பத்தடி வருது, வாயைத் தொறந்து ஒரு உதறு, போச்சு. ஒண்ணுகூடக் கரை ஏறல. உக்காந்து யோசிச்சேன். இரை நல்ல இரை. தூண்டில் நரம்பு புதுசு. ராடு நீங்க குடுத்தது. பாக்கி என்ன இருக்கு? என் கைதானே?”

“ஒருவேளை ராடு…” என்று வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஆரம்பித்தார்.

“சேச்சே! அண்ணன் எனக்குத் தப்பா குடுப்பாரா?”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அப்படிப்பட்ட ஆட்டக்காரிகள் நூறு பேரைத் தூண்டில்காரர் தன் கடையிலேயே பார்த்திருக்கிறார். மீன் தப்பினால் ராடைத் திட்டிக்கொண்டு வருவார்கள். கூடமே கோணலாக இருக்க, தன் காலைக் குறை சொல்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

“புதன்கிழமை பள்ளிக்கூட வாத்தியாருக்குத் தாடையில கீறிட்டேன்,” என்றார் மாஸ்டர். குரல் இறங்கிவிட்டது. “இருபத்தாறு வருஷத்துல முதல் ரத்தம். கத்தியை வைக்கும்போதே அந்த மீனுங்க ஞாபகம் அண்ணே. இந்தக் கை இருக்கே, இனிமே இதை நம்பி ஒருத்தர் கழுத்துல வைக்க முடியாது. மாசம் பொறந்ததும் நாற்காலியை இவன்கிட்டயே விட்டுடப்போறேன்.”

தூண்டில்காரர் ஏதாவது சொல்லியிருக்கலாம். முகம் முழுக்க நுரை இருந்தது. அதைச் சாக்காக வைத்து வாயை மூடிக்கொண்டார். எதிரில் கண்ணாடி. நுரைக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணைப் பார்க்கப் பிடிக்காமல் அதையும் மூடிக்கொண்டார். தூங்குகிறார் போலிருக்கிறது என்று மச்சினன் மெதுவாகச் சிரைத்தான்.

மத்தியானம் சாப்பிடும்போது மனைவி ஆரம்பித்தாள். “ஏங்க, மாஸ்டர் கடையை விடப்போறாராமே? அவர் சம்சாரம் அழுதுட்டுப் போறா. நரம்புத் தளர்ச்சின்னு டாக்டர்கிட்ட வேற கூட்டிட்டுப் போகப்போறாங்களாம்.”

“ம்.”

“என்ன ம்? எதிர்க்கடைதானே, போய் ஒரு வார்த்தை தைரியம் சொல்லக்கூடாதா? வாயை வித்தே சாப்பிடற மனுஷன், இதுக்கு மட்டும் வாய் வராதோ?”

 தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே கையைக் கழுவினார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பெரியவர்கள் சொன்னது. வியாபாரி நெஞ்சு குறுகுறுத்தால் முதலில் மலிவான வழியைத்தான் தேடும். திங்கட்கிழமை காலையில் தூண்டில்காரர் கடையிலேயே விலை கூடின ராடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்.

“மாஸ்டர், கம்பெனியில ஒரு ஸ்கீம். பழைய வாடிக்கைக்காரர் ஒருத்தருக்கு இலவசம். உங்க பேரைக் குடுத்தேன், விழுந்துடுச்சு!”

வரிசையில் இருந்த இரண்டு பேர் கை தட்டினார்கள். மச்சினன் ராடை வாங்கித் தடவிப் பார்த்தான். மாஸ்டர் எழுந்துகூட வரவில்லை.

“வேற யாருக்காவது குடுங்க அண்ணே. அவ்வளவு நல்ல ராடு, அதை வச்சே ஒண்ணும் கிழிக்கல. இதையும் ஏன் கெடுக்கணும்?” சுவரைக் காட்டினார். ஆறரை அடி ராடு துடைத்துப் பளபளப்பாக ஆணியில் மாட்டியிருந்தது. “அதைப் பார்க்கும்போதெல்லாம் உங்களை நினைச்சுக்கறேன். நீங்க ஆசையா எடுத்துக் குடுத்தீங்க. எனக்குத்தான் குடுத்துவைக்கல.”

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். பேரத்தில் வளர்ந்தவருக்குத் திட்டு ஒரு விலை மாதிரி. வாங்கிக்கொண்டு ஒன்று திருப்பிச் சொல்லலாம். இதற்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் இல்லை. எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போனது.

வெளியே கூப்பிட்டுத் தனியாகச் சொல்லிவிடலாமா என்று பார்த்தார். பொய்யை நாலு பேர் முன்னால் சொல்லியாயிற்று. உண்மையை மட்டும் சந்துக்குள் கூட்டிப்போய்ச் சொன்னால், அதற்கும் மேலே ஒரு சீட்டு ஒட்டின மாதிரிதான். சுவரிலிருந்த ராடை எடுத்தார். விலைச் சீட்டை நகத்தால் சுரண்டினார். நல்ல பசை, சட்டென்று வரவில்லை. துணுக்குத் துணுக்காகத்தான் வந்தது. அதுவரைக்கும் நாலு பேரும் அவர் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் வாங்கித் தள்ளிப் பிடித்துப் படித்தார். “அஞ்சுலேருந்து பதினஞ்சு கிராம். இது என்ன அண்ணே?”

“அது வீசற எடை.”

“என் ரப்பர் மீன் எவ்வளவு?”

“அம்பத்தெட்டு.”

மாஸ்டர் எண்ணை இன்னொரு முறை படித்தார்.

“இது அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?”

‘கவனிக்கல மாஸ்டர்’ என்று ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக வந்து உட்கார்ந்தது. முப்பது வருஷப் பழக்கம். அதை விழுங்கிவிட்டுச் சொன்னார்.

“தெரியும். நாலு வருஷமா போகாத சரக்கு. உங்ககிட்ட தள்ளிட்டேன்.”

மாஸ்டர் ராடின் நுனியை விரலால் அழுத்திப் பார்த்தார். தூண்டில்காரர் விளக்கினார். “அந்த ரப்பர் மீனோட முள்ளு தடிமன் மாஸ்டர். நீங்க வெட்டி இழுத்தது சரியாத்தான் இழுத்திருக்கீங்க. இந்தக் கம்பு அப்படியே வளைஞ்சு குடுத்துடும். இழுப்பெல்லாம் கம்பிலயே தீர்ந்துபோயிடும், முள்ளு மீன் வாயில ஏறாது. யார் கையில இருந்தாலும் உதறிட்டுத்தான் போகும்.”

“அப்போ பதினாலும்…”

“பதினாலும் ராடாலதான்.”

“வாத்தியார் தாடை?”

“அது பயத்துல. அந்தப் பயமும் நான் குடுத்ததுதான்.”

மாஸ்டர் தன் வலது கையை மேலே தூக்கி, பின்பக்கம் ஒருமுறை, உள்பக்கம் ஒருமுறை பார்த்தார். வெகுநாள் கழித்து ஊரிலிருந்து வந்தவனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ரப்பர் மீனை எடுத்துக்கொண்டார்.

“வாங்க. எது சரியான ராடுன்னு காட்டுங்க.”

தூண்டில்காரர் கடையில் அன்று அதிசயமாக, ராடைக் காற்றில் ஆட்டாமல் ஒருவர் பார்த்தார். முதல் ராடின் நுனியில் ரப்பர் மீனைக் கட்டித் தொங்கவிட்டார். நுனி அசையவே இல்லை.

“இது விளக்குமாத்துக் கட்டை,” என்றார் தூண்டில்காரர். “மீன் கவ்வினதும் கொஞ்சம்கூட இடம் குடுக்காது, விழுங்கறதுக்குள்ள பிடுங்கிடும்.”

இரண்டாவது ராடு மீனைக் கட்டினதுமே கும்பிடு போட்டது. அதற்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவர் இலவசம் என்று தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தது அதைத்தான். மாஸ்டர் அதைக் கவனித்தார். தூண்டில்காரர் அவர் கவனித்ததைக் கவனித்தார். விலையை மட்டும் பார்த்து எடுத்த தானத்தின் லட்சணம் அது.

மூன்றாவது ஏழே முக்கால் அடி. இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி நீளப் பிடி. முப்பதிலிருந்து எண்பது கிராம். மீனைக் கட்டியதும் நுனியில் மூன்றில் ஒரு பங்கு மெல்ல வளைந்தது. அடி அப்படியே நிமிர்ந்து நின்றது.

“நுனி மீனுக்கு, அடி முள்ளுக்கு,” என்றார் தூண்டில்காரர்.

“கனமா இருக்கே?”

“கடையில கனக்கிறது கரையில கனக்காது மாஸ்டர், இது உங்க கைக்குன்னே…” சொல்லிக்கொண்டே வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். 

மாஸ்டர் மீனை அவிழ்த்தார். ராடை எடுத்த இடத்திலேயே சாய்த்து வைத்தார். “இதே ராடு பேருந்து நிலையத்துக்கிட்ட இருக்கிற கடையில கிடைக்குமா?”

கடை வைத்திருக்கிற எவனும் கேட்க விரும்பாத கேள்வி அது.

“கிடைக்கும்.”

“மறந்துடுவேன். எழுதிக் குடுங்க.”

எழுதினார். நீளம், எடை, பிடி, எங்கே வளைய வேண்டும், எங்கே நிமிர வேண்டும் எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினார். “முதல்ல எட்டடி ராடு காட்டுவான், ரொம்ப விறைப்பு, வேண்டாம்னு சொல்லுங்க,” என்று வாயாலும் சொன்னார். “அந்தப் பழசை நான் திருப்பி எடுத்துக்கறேன் மாஸ்டர்.”

“அது கிடக்கட்டும். சின்ன மீனுக்கு நல்ல ராடுதானே? அது மேல எனக்குக் கோவமில்ல.” காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மச்சினன் வந்து வாசலில் நின்றான். முகம் தொங்கிப்போயிருந்தது.

“அத்தான் கத்தியை எடுத்துட்டாரு. என்னை மறுபடி தரை கூட்டச் சொல்லிட்டாரு. நல்லா இருந்தது உங்க உண்மை, என் பிழைப்பைக் கெடுத்துட்டீங்க!”

“கை எப்படி இருக்கு?”

“அதுக்கென்ன, வெண்ணெயில போற மாதிரி போகுது.” கிளம்பப் பார்த்தவன் திரும்பினான். “ஆங், ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு. அவர் சொல்லி எங்க கடையிலேருந்து வந்தவங்க ஒரு ஒன்பது பேராவது இருப்பாங்களாம். அவங்களுக்கெல்லாம் என்ன குடுத்தீங்கன்னு கேட்டாரு.”

தூண்டில்காரர் விரல் மடித்தார். காலரில் முடியோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒருத்தர் காவல்காரர், ஒருத்தர் தபால்காரர், ஒருத்தர் பேத்திக்கு முதல் தூண்டில் வாங்க வந்தவர். மூன்று பேருக்கும் கொடுத்தது மூலைச் சரக்குதான்; மூன்றாவது விரல் மடங்கி அப்படியே நின்றது.

“என்னன்னு சொல்லட்டும்?” என்றான் மச்சினன்.

“நீ சொல்ல வேண்டாம். நானே வந்து சொல்றேன்.”

பட்டப்பகலில் வியாபாரி கதவை இழுத்துச் சாத்தினால் சாவு வீட்டுக்குத்தான் போகிறான் என்று அர்த்தம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் தலையை நீட்டி, யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தார்கள். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக்கொண்டே தூண்டில்காரர் தெருவைக் கடந்தார்.