கலங்கலாய் விழுந்த படங்கள்

வட்ட வட்டமாய்ப் பூத்துக் கிடக்கின்றன, அகல்விளக்குகள்தான், ஆனால் சுடரைக் காணோம், வாசற்படியில் வரிசையாய் வைத்த ஒவ்வொரு விளக்கும் பூசணிப்பூ அளவுக்கு விரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அவற்றுக்கு மேலே என் மகள் சங்கரியின் முகம் மூக்கு எது கன்னம் எது என்று தெரியாமல் கரைந்து, நான் அடுத்த படத்துக்குப் போகிறேன், அதுவும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே, கேமராவின் பொட்டுத் திரையில் பார்த்தபோது நன்றாகத்தானே இருந்தது, கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் எல்லாம் கலங்கல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சங்கரி, என்னம்மா, கார்த்திகைப் படம் பூரா இப்படிக் கெடக்கு, ஒனக்குக் கை ஆடிட்டோ என்று கேட்கிறாள், விளையாட்டாகத்தான் கேட்கிறாள், பதினோரு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும், நான் அடுத்த படத்துக்குப் போகாமல் அப்படியே நிறுத்திவிடுகிறேன்.

கை ஆடிட்டு என்ற சொல்லை என் பிறந்த வீட்டில் யாரும் சத்தமாய்ச் சொல்வதில்லை, சொன்னால் அப்பாவின் முகம் வந்து நிற்கும், அதுவும் எனக்கு, கையை வைத்துப் பிழைக்கிறவளுக்கு, பாளையங்கோட்டையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் நான், பிறந்து இரண்டு நாளான பிள்ளையின் கையில் நூலை விட மெல்லிசாய் நீலமாய் ஒரு நரம்பு ஓடும், அதில் ஊசி ஏற்ற வேண்டும், யாருக்கும் நரம்பு கிட்டவில்லையென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டு ஓடுவேன், உங்க கையில காந்தம் இருக்கு என்பார் தலைமை நர்ஸ் பிலோமினா சிஸ்டர், அந்தக் கை, அந்தக் கைதான் இப்போது மௌஸின் மேல் இருக்கிறது, நான் அதையே பார்க்கிறேன், ஆடுகிறதா, ஆடவில்லையா, உற்றுப் பார்க்கப் பார்க்க ஆடுகிற மாதிரிதான் இருக்கிறது, போன புதன்கிழமை ஒரு பிள்ளைக்கு முதல் குத்தில் நரம்பு தப்பியது, எல்லோருக்கும் தப்புவதுதான், அன்றைக்கு அதைப் பெரிதாய் நினைக்கவில்லை, இப்போது அது மட்டும்தான் நினைவில் இருக்கிறது, அந்தப் பிள்ளை அழுத அழுகை காதைவிட்டுப் போகவில்லை.

கேமராமேல் பழியைப் போடத்தான் முதலில் பார்த்தேன், மனசு அப்படித்தானே, மஸ்கட்டிலிருந்து அண்ணன் கொண்டுவந்து கொடுத்தது, சோப்புக்கட்டி அளவுதான், பொத்தானை அமுக்கினால் மூக்கை வெளியே நீட்டும், அணைத்தால் மூக்கை இழுத்துக்கொண்டு கண்ணிமை மாதிரி இரண்டு தகட்டை மூடிக்கொள்ளும், அதன் டப்பாவிலிருந்த காகிதத்தை எடுத்துப் படித்தேன், படம் தெளிவாக விழாவிட்டால் என்று ஒரு பக்கமே போட்டிருந்தது, லென்ஸைத் துடைக்கவும் என்றது, துடைத்தேன், பொத்தானைப் பாதி அமுக்கிப் பச்சைக் கட்டம் வந்தபின் முழுதாய் அமுக்கவும் என்றது, வாசலில் நின்ற முருங்கையை அப்படி எடுத்தேன், கலங்கல், பக்கத்தில் இருப்பதற்குப் பூப் படம் போட்ட குறியை வைக்கவும் என்றது, வைத்துத் தக்காளியை எடுத்தேன், கலங்கல், வெளிச்சம் போதாவிட்டால் ஃபிளாஷ் போடவும் என்றது, போட்டேன், தக்காளிக்கு மேல் வெள்ளையாய் மூட்டம் வந்து உட்கார்ந்ததுதான் மிச்சம், கடைசியில் ஒரு வரி, கை ஆடினால் படம் கலங்கும், கேமராவை அசையாத இடத்தில் வைத்து, தானாகவே எடுக்கும்படி டைமர் வைத்து எடுத்துப் பார்க்கவும், நான் காகிதத்தை மடித்து மறுபடி டப்பாவுக்குள் வைத்துவிட்டேன், அதை மட்டும் செய்யவில்லை, செய்து படம் கண்ணாடி மாதிரி தெளிவாய் விழுந்துவிட்டால், அப்புறம் கேமரா நல்ல கேமரா, கைதான் என்று ஆகிவிடுமே, நான் எங்கே போவேன்.

அப்பா எங்கே போனார், எங்கேயும் போகவில்லை, டெப்போவில் ஒரு மர பெஞ்சில் போய் உட்கார்ந்தார், தென்காசி ரூட்டில் பஸ் ஓட்டியவர், மடியில் என்னை வைத்து ஹாரனை அடிக்க விடுவார், ஆயுத பூஜை வந்தால் போதும், பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, வீட்டுக்கு வந்து சைக்கிள், சுத்தியல், அம்மாவின் தையல் மிஷின், கத்தரிக்கோல், ரீல் போட்டு எடுக்கிற அவருடைய சின்னக் கேமரா வரைக்கும் சந்தனத்தைப் பெருவிரலால் தொட்டு வைத்துக்கொண்டே போவார், அந்தக் கேமராவில்தான் ஒரு கார்த்திகையன்று எங்களை எடுத்தார், நான் எட்டாவது படிக்கிறேன், புதுப் பாவாடை, படியில் விளக்கு வரிசை, சிரிளா, மூஞ்சை உம்முன்னு வைக்காத என்கிறார், சிரிக்கிறேன், ரீல் கழுவி வருகிறது, அத்தனையும் கலங்கல், அப்பா ஸ்டூடியோக்காரரிடம் சண்டைக்குப் போகிறார், அவர் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ரீல் நல்லாத்தான் இருக்கு, கழுவுனதும் சுத்தம், எடுக்கும்போது ஒங்க கை ஆடியிருக்கு அண்ணாச்சி என்று சொல்லிவிட்டார், அப்பா திரும்பி வந்தார், அம்மா டீ கொடுத்தாள், கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்தாள், அன்றிலிருந்து எல்லோரும் டம்ளரைத்தான் பார்த்தோம்.

பார்த்துக்கொண்டே இருந்தால் எந்தக் கைதான் ஆடாது, அப்பா துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொள்ளப் பழகினார், பஸ் கம்பெனி டாக்டரிடம் தானாகவே போனார், அவர் கையை நீட்டச் சொல்லி, அதன்மேல் காகிதத்தை வைத்து ஆடுகிறதா என்று பார்த்து, ஒன்றுமில்லை, போய் வண்டியை எடும் என்றாராம், அப்பா கேட்கவில்லை, டாக்டரு ஆறுதலுக்குச் சொல்லுதாரு, படம் ஆறுதலுக்குச் சொல்லுமா என்று அம்மாவிடம் கேட்டார், பஸ்ஸுல அம்பது உசிரு இருக்குல்லா என்று ஸ்டியரிங்கைத் தானே விட்டுக்கொடுத்தார், யாரும் பிடுங்கவில்லை, அவராகவே இறங்கினார், பெஞ்சில் உட்கார்ந்து வருகிற போகிற வண்டிக்கு நேரம் குறித்தார், கேமராவை அம்மா பரணில் தூக்கிப் போட்டாள், நான் நர்ஸிங் படிக்கப் போன பிறகுதான், எத்தனையோ வருஷம் கழித்துத்தான், நிஜமாகவே நடுக்கம் வந்தது, விரல் தானாக எதையோ உருட்டுகிற மாதிரி ஆட ஆரம்பித்தது, அப்போதும் வீட்டில் என்ன சொன்னோம், படம் அன்னைக்கே காட்டிக்குடுத்துட்டே என்றோம், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பினோம்.

அதனால்தான் திங்கட்கிழமை பிலோமினா சிஸ்டரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன், ஊசி ஏற்றுகிற வேலை எனக்கு வேண்டாம் சிஸ்டர், மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், ஜுரம் பார்க்கிறேன், ஏன் என்று கேட்காதீர்கள், சமையலறையில் நின்று இதையே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், சாம்பாருக்கு உப்புப் போட்டேனா என்று தெரியவில்லை, மறுபடி போட்டுவிட்டேன் போலிருக்கிறது, மத்தியானம் என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர், சுடலைமுத்து என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும், அதிகம் பேசாத மனுஷன், ஒனக்கு என்ன செய்யுது என்று கேட்டார், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, எங்கப்பா மாதிரி எனக்கும் வந்துட்டு என்றேன், எல்லாவற்றையும் கொட்டினேன், அவர் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கையைக் கழுவினார், அந்தக் காகிதத்துல கடைசி வரியில என்ன போட்டிருக்கோ அதைச் செஞ்சு பாத்துட்டு அழு, செய்யாம அழாத என்றார், இவருக்கென்ன, ஆடினால் மோட்டாரா செத்துப்போகும் என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

டம்ளரைக் கவிழ்த்தார், அதன்மேல் கேமராவை வைத்தார், எதிரே சங்கரி ஓர் அகலை ஏற்றி வைத்தாள், பட்டப்பகலில் விளக்கேற்றி மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம், யாராவது பார்த்தால் பைத்தியக்காரக் குடும்பம் என்பார்கள், டைமரை வைத்துவிட்டு நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன், கேமராவின் சிவப்பு விளக்கு மினுக்குகிறது, அப்பாவின் விரல் எதையோ உருட்டுகிறது, துண்டுக்கடியில், மினுக்குகிறது, சாமி, தெளிவாய் விழக் கூடாது, கலங்கலாய் விழட்டும், எந்தப் பொம்பளையாவது இப்படி வேண்டியிருப்பாளா, டிக் என்றது, சங்கரிதான் போய்ப் பார்த்தாள், யம்மா, இதும் கலங்கலாத்தான் இருக்கு என்றாள், நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கலங்கல், டம்ளருக்குக் கை ஏது, அது எப்படி ஆடும், அவர் கேமராவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பி, நீட்டிய மூக்கின் நுனியைப் பார்த்தார், பார்த்தவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஏட்டி, இது சந்தனம்லா என்றார், வாங்கிப் பார்க்கிறேன், கண்ணாடிமேல் மஞ்சளாய் மெல்லிசாய் ஒரு படலம், ஓரத்தில் கொஞ்சம் திப்பித் திப்பியாய், யார் வைத்தது, வேறு யார், ஆயுத பூஜையன்று கடையில் பொட்டு வைத்து முடித்து வீட்டுக்கு வந்து மிக்ஸி, டிவி ரிமோட்டு என்று எதையும் விடாமல் வைத்த இந்த மனுஷன்தான், மூடிய இமைக்கு நட்ட நடுவில் அழகாய் ஒரு பொட்டு, மறுநாள் ஈரத்துணியால் அதைத் துடைத்து இடுக்கு வழியே கரைத்து உள்ளே அனுப்பியவள் நான், லென்ஸைத் துடை என்று காகிதம் சொன்னபோதும் அணைத்து வைத்திருந்த கேமராவின் இமையைத்தான் துடைத்திருக்கிறேன், கண்ணைத் துடைக்கவே இல்லை, சாமிக்குன்னுதான வச்சேன் என்று அவர் முனகினார், சிரிப்பும் அழுகையுமாய் அவர் முதுகில் ஓர் அடி வைத்தேன், பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, பிள்ளையின் கண்ணைத் துடைக்கிற மாதிரி துடைத்தேன், பிறகு என் கையாலேயே எடுத்தேன், சுடர் விதைநெல் மாதிரி நுனி கூர்மையாய் நின்றது.

சங்கரிக்குக் குஷி தாங்கவில்லை, யம்மா, கை ஆடுனா எப்படி விழும்னு பாப்போமா என்று கேமராவை வேண்டுமென்றே குலுக்கிக்கொண்டே எடுத்தாள், காட்டினாள், சுடர் கோடாய் இழுபட்டு நெளிந்து கிடந்தது, கிறுக்குக் கோலம் மாதிரி, அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டிருந்தவள் அந்தக் கோட்டை மறுபடி உற்றுப் பார்த்தேன், கை ஆடினால் கோடு விழும், கோடுதானே விழும், எழுந்து பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியில் கவரில் இருந்த அப்பாவின் படத்தை எடுத்தேன், எட்டாவது படிக்கிற நான், புதுப் பாவாடை, படியில் விளக்கு வரிசை, ஒரு கோடு இல்லை, ஒன்றுகூட இழுபடவில்லை, சொல்ல அப்பா இப்போது இல்லை, அம்மாவுக்குப் போன் பண்ணலாமா என்று கை போகிறது, வேண்டாம், அன்றைக்கு டம்ளரைப் பார்த்தவள் அவள், இதைத் தாங்கமாட்டாள், போனை வைத்துவிட்டேன், ஜன்னல் பக்கம் போய்ப் படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன், கை ஆடுகிறது, இப்போது நிஜமாகவே ஆடுகிறது, ஆடட்டும், வட்ட வட்டமாய்ப் பூத்துக் கிடக்கின்றன விளக்குகள், ஒவ்வொன்றும் ஒரு சந்தனப் பொட்டாய், நீங்கள் வைத்த பொட்டுதான் அப்பா, சைக்கிளுக்கு வைத்து, சுத்தியலுக்கு வைத்து, அதே பெருவிரலால் இதற்கும் வைத்திருக்கிறீர்கள், உங்கள் கை ஆடவில்லை, அன்றைக்கு உங்கள் கை ஆடவே இல்லை, நீங்கள் வண்டியை எடுத்திருக்கலாம்.