பால்ராஜ் கடைப் பாலில் ஒரு மீன்

"பால்ல மீன் வளர்க்கிறியா, பாக்கியநாதா?" என்று கத்தினார் சாப்பாட்டுக்கடை பால்ராஜ். அவர் கையிலிருந்த அகப்பையில் சுண்டுவிரல் நீள மீன் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது.

"மாதா சத்தியமா நான் தண்ணி ஊத்தலண்ணே! கறந்ததை அப்படியே கொண்டாந்தேன்."

"அப்போ உன் மாடுதான் மீன் போட்டுச்சா? நாளைக்கு முனிசிபல் ஐயா வரட்டும். லைசென்ஸைப் பிடுங்கி, குடும்பத்தோட உன்னைக் கப்பலேத்தச் சொல்றேன், பாரு!"

எதிர்வீட்டில் நான் சன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்று அது மிகவும் அழுக்காக இருந்தது.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் மூடிக்கொண்டிருந்த காலம். வேலை போனவர்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றினார்கள். பாக்கியநாதன் மட்டும் ஒரு பசுவை வாங்கிக்கொண்டு பினாங்கில் எங்கள் சந்துக்கு வந்து சேர்ந்தார். பால் விற்கும் லைசென்ஸ் போனால் பசு போகும், பசு போனால் கப்பல்தான். பால்ராஜும் ஒரு காலத்தில் கப்பலின் மேல்தட்டில் சுருண்டு படுத்து வந்தவர்தான். மாதா கோயிலில் முன்வரிசைக்கு வந்தபிறகு அது அவருக்கு மறந்துபோயிற்று.

பெரியவர்கள் சண்டையில் இருக்க, பாக்கியநாதனின் ஒன்பது வயது மகள் அமலம்மாள் அகப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்கு உச்சந்தலையில வெள்ளைப் பொட்டு இருக்கு!"

"சும்மா இரு, பிள்ளே."

அவள் சும்மா இருக்கிற ஜாதியில்லை. மீனைத் தம்ளர் தண்ணீரில் விட்டு, நேரே வெற்றிலைக்கடை கமாலுதீனிடம் போனாள்.

"மாமா, இது என்ன மீன்?"

"கெப்பாலா தீமா. மலாய்க்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க. தலையில ஈயப்பொட்டு வெச்ச மாதிரி இல்ல?"

"குழாய்த் தண்ணியில வருமா?"

"குழாய்லயா? அது எப்படி வரும்? கொசுப்புழு திங்கட்டும்னு கிணத்துல விடுவாங்க."

"எங்க வீட்டுல கிணறே இல்லையே. தெருக்குழாய்தானே?"

கமாலுதீன் வெற்றிலை மடிப்பதை நிறுத்தினார். நானும் துடைப்பதை நிறுத்தினேன். எங்கள் சந்தில் கிணறு ஒன்றே ஒன்றுதான். அது பால்ராஜ் கடைக்குப் பின்னால் இருந்தது. கொசுப்புழுவுக்காக அபராதம் கட்டியபின் அவர் அதில் மீன் விட்டதை, அவரே வீடு வீடாக வந்து பெருமையடித்தார்.

மறுநாள் முனிசிபல் ஐயா வந்தார். அவர் பின்னால் கணக்கெழுதும் கிராணி, அவருக்குப் பின்னால் சந்தே திரண்டு வந்தது. பாக்கியநாதன் வாய் திறப்பதற்குள் அமலம்மாள் தம்ளரோடு முன்னே வந்தாள்.

"ஐயா, இதை அதோட வீட்டுல விடட்டுமா?"

பதிலுக்குக் காத்திராமல் கடைக்குப் பின்னால் ஓடிப்போய்க் கிணற்றில் கவிழ்த்தாள். எல்லாரும் குனிந்து பார்த்தோம். இரை என்று நினைத்து மேலே வந்தன, பத்திருபது வெள்ளைப் பொட்டுகள்.

"மீன் துள்ளிக் குதிச்சு வந்து பால்ல விழுந்திருக்கும்லா" என்றார் பால்ராஜ்.

"வாளியோட சேர்ந்து குதிச்சிருக்கும், அண்ணே" என்றார் கமாலுதீன்.

பாக்கியநாதனின் லைசென்ஸ் தப்பியது. பால்ராஜை எச்சரித்து விட்டுவிட்டார்கள். குற்றம் பாக்கியநாதனுடையதாக இருந்திருந்தால் எச்சரிக்கையோடு நின்றிருக்குமா?

அடுத்த வருஷம் பால்ராஜின் மகள் ஐரீனுக்கும் அந்தக் கிராணிக்கும் கல்யாணம். எச்சரிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று, யாரும் கேட்காமலே வீடு வீடாகச் சொன்னார் பால்ராஜ்.

பாக்கியநாதன் குடும்பம் ஆயர் ஈத்தாம் பக்கம் குடிபோனது. முன்னால் பசு, பின்னால் கையில் தம்ளரோடு அமலம்மாள். அதில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன்.

இரண்டு வெள்ளைப் பொட்டுகள்.