ஒழுங்கையின் பூவரசுகள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் அதுவும் ஒன்று. இரு பக்கமும் மாடி வீடுகள், நடுவே உருகும் தார், முடிவில் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். நிழல் என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற நவரத்தினம் ஒழுங்கையின் நலன்புரிச் சங்கத் தலைவரானதும் முதல் வேலையாக மரம் நடத் தீர்மானித்தார். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்று கலந்து வாழ்ந்த அந்த ஒழுங்கையில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான். உப்புக்காற்றைத் தாங்கும் என்று பூவரசைத் தெரிந்தெடுத்தார்கள். அவரவர் வாசலில் ஒரு கன்று. அவரவரே தண்ணீர் ஊற்றவேண்டும் என்று பேச்சு. கேக்கும் தேநீரும் கொடுத்தார்கள். மரத்துக்குச் சாதியுமில்லை, மதமுமில்லை என்று நவரத்தினம் பேச, எல்லோரும் கை தட்டினார்கள்.

ஒரு மாதம் போவதற்குள் கன்றுகள் எல்லாம் அங்கம்மாவின் தலையில் விழுந்துவிட்டன.

அங்கம்மா நவரத்தினத்தின் வீட்டில் சமைப்பவள். அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், புருஷன் செத்த பிறகு கொழும்புக்கு வந்தாள். தோட்டத்தில் பிறந்த பலரைப் போல அவளுக்கும் அடையாள அட்டை கிடையாது. வெளியே போனால் பொலிஸ் பிடிக்கும் என்று நவரத்தினத்தின் மனைவி நேசமலர் அவளை ஒழுங்கையைத் தாண்ட விடுவதில்லை. அதனால் அவளுடைய உலகம் அந்தக் குசினியும் அந்தக் கன்றுகளுமாகச் சுருங்கிப் போயிற்று.

மழை பொய்த்த வருஷம் ஒன்று வந்தது. நாடெங்கும் மின்சாரத்தை வெட்டினார்கள், குழாயில் தண்ணீர் நூலாக வடிந்தது. அங்கம்மா அரிசி களைந்த தண்ணீரையும் உடுப்பு அலசிய தண்ணீரையும் வாளியில் சேர்த்து வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றினாள். மாடுகள் கடிக்காமல் மீன்பெட்டிப் பலகையால் கூடு அடித்தாள். வெள்ளைப்பூச்சி பிடித்தபோது சவர்க்காரத் தண்ணீரில் துணி நனைத்து இலை இலையாகத் துடைத்தாள். இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவுமில்லை.

நான்காம் வருஷம் கிளைகள் நடுவீதிக்கு மேலே கை கோத்துக்கொண்டன. பள்ளிக்கூட வான் நிழலில் நின்றது. முச்சக்கரவண்டிக்காரர்கள் மத்தியானத்தில் அங்கே வந்து கண்ணயர்ந்தார்கள். நவரத்தினம் வாசலில் கதிரை போட்டுப் பேப்பர் வாசித்தார். வருகிறவர்களிடம், "நாங்கள் வளர்த்த மரங்கள்" என்று காட்டினார். காலையில் சருகு கூட்டும்போது யாரும் பார்க்காத நேரத்தில் அங்கம்மா ஒவ்வொரு மரத்திலும் உள்ளங்கையை ஒருமுறை வைத்து எடுப்பாள். பிள்ளை பெற்றதும் இல்லை, பறிகொடுத்ததும் இல்லை; தடவிக் கொடுக்க அந்தக் கைக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஒழுங்கையின் கடைசியில் நின்ற மரத்தை மணல் லொறி ஒன்று பின்னுக்கு எடுக்கும்போது முறித்துவிட்டது. புதுக் கன்று கொண்டுவருவதாக நவரத்தினம் சொன்னார். மறுநாள் காலையிலேயே அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து, குழியை ஆழமாக வெட்டி வைக்கும்படி வாசலில் நின்றே அங்கம்மாவுக்குக் கட்டளையிட்டார். எதிர்வீட்டு டோரின் அப்போது கேற்றடியில் பேக்கரிப் பாண்காரனுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். டோரின் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கிப் பெண், தனியாக இருப்பவள், ஐம்பது கடந்தவள். அந்தக் கட்டளை அவள் காதிலும் விழுந்தது.

மறுநாள் காலையில் அங்கம்மா இடுப்பளவு குழி வெட்டியிருந்தாள். முந்தின நாள் நகரத்தில் எங்கோ குண்டு வெடித்திருந்தது. விடிந்ததும் ஒழுங்கையின் இரு முனையையும் இராணுவம் மறித்து, வீடு வீடாகச் சோதித்துக்கொண்டு வந்தது. ரயில் பாதையோரம், ஈர மண்ணோடு, புதிதாக ஒரு குழி. அதற்குள் மண்வெட்டியோடு ஒரு தமிழ்ப்பெண்.

அடையாள அட்டை கேட்டார்கள். இல்லை. யார் வெட்டச் சொன்னது என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரிந்த கொச்சைச் சிங்களத்தில், எங்கள் ஐயாதான், மரம் நட, என்றாள். பொய் சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை; அதனால் பயமும் அவ்வளவாக இருக்கவில்லை. ஐயாவைக் கேட்டால் முடிந்துவிடும் என்று அவளே முன்னால் நடந்து அவர்களை நவரத்தினத்தின் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த வீட்டுக்குள் சிவபாலன் இருந்தான். நவரத்தினத்தின் ஒரே மகன். கனடா விசாவுக்குக் காத்திருந்த இளந்தாரி; இராணுவம் முதலில் பிடிக்கும் வயது. குழி தன்னுடையது என்று தகப்பன் ஒப்புக்கொண்டால், அடுத்த கேள்வி வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுதான். நவரத்தினம் அதிகாரியைப் பார்த்தார். பிறகு அங்கம்மாவைப் பார்த்தார்.

"மம தன்னே நே," என்றார். எனக்குத் தெரியாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மரம் நடும் வேலை எப்போதோ முடிந்துவிட்டது, இவள் ஏன் ரயில் பாதையடியில் தோண்டினாள் என்று தனக்கே ஆச்சரியமாக இருக்கிறது என்றும் சொன்னார். அவருடைய சிங்களம் நல்ல சிங்களம். அதிகாரி தலையாட்டினான்.

அங்கம்மா நேசமலரைத் தேடினாள். நேசமலர் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கேற்றிலும் ஆட்கள் நின்றார்கள், பூவரசு நிழலில், வெயில் படாமல். அங்கம்மா எந்த மரத்துக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினாள் என்று பார்த்திருந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள். டோரின் வாய் திறந்தாள். ஒரு சிப்பாய் அவள் பக்கம் திரும்பியதும் மூடிக்கொண்டாள். அங்கம்மாவை ட்ரக்கில் ஏற்றினார்கள்.

கொண்டுபோன இடத்தில் அவளுடைய கைகளை மேசைமேல் விரித்து வைக்கச் சொன்னார்கள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த உள்ளங்கையைப் பார்த்து, எங்கே ஆயுதப் பயிற்சி எடுத்தாய் என்று கேட்டார்கள். அவள் கொழுந்து பறித்ததைச் சொன்னாள், பூவரசைச் சொன்னாள். அவர்கள் மரக்கோலால் விரல்களில் அடித்தார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை. பிறகு சிறை. அங்கே ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தாள். பார்க்க வந்தவள் டோரின் ஒருத்திதான். பாணும் சவர்க்காரமும் கொண்டுவந்து கொடுத்து, கம்பிக்கு வெளிப்பக்கம் நின்று அழுதுவிட்டுப் போவாள். சாட்சி சொல்கிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கடைசியில், குற்றம் எதுவும் இல்லை என்று நீதிமன்றம் அங்கம்மாவை விட்டுவிட்டது.

அவள் நேரே ஒழுங்கைக்கு வந்தாள். மத்தியானம். மரங்கள் இன்னும் தடித்திருந்தன. மஞ்சள் பூக்கள் வீதியெல்லாம் உதிர்ந்து கிடந்தன. நேசமலர் கேற்றை அரைவாசி திறந்து, அந்த இடைவெளியில் நின்றுகொண்டாள்.

"இஞ்ச ஏன் வந்தனி? உன்னைக் கண்டால் பொலிஸ் திரும்ப வரும்."

"பெட்டிய எடுக்க வந்தேம்மா. உடுப்பு இருக்கு. அவரு படமும் அதுலதான் இருக்கு."

பெட்டியைக் குப்பை லொறிக்குப் போட்டுவிட்டதாக நேசமலர் சொன்னாள். வைத்திருக்கப் பயமாக இருந்ததாம். சிவபாலன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றும் சொன்னாள், அவளும் கேட்டுச் சந்தோஷப்படவேண்டிய செய்தியைப் போல. கேற்றைச் சாத்தப் போனவள் ஏதோ நினைவு வந்து நின்றாள்.

"மரங்களுக்குத் திரும்ப அந்த வெள்ளைப்பூச்சி பிடிச்சிருக்கு. நீ அதுக்கு என்ன போட்டனி?"

அங்கம்மா திரும்பினாள். வீதியைக் கடந்து டோரினின் கதவைத் தட்டினாள். டோரின் அவளைக் கட்டிக்கொண்டாள், சோறு போடுகிறேன் என்றாள். அங்கம்மா குசினிக்குள் போய்ப் பார்த்து, தேங்காய் உடைக்கும் கத்தியைக் கேட்டாள். எதற்கென்று டோரின் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தாள்.

நவரத்தினத்தின் வாசல் மரத்தில்தான் தொடங்கினாள். மடங்காத விரல்களோடு பிடியைப் பற்றுவது சுலபமாக இல்லை. மரத்தைத் தன் நெஞ்சளவு உயரத்தில் சுற்றிவரக் கொத்தி, அதற்கு ஒரு சாண் கீழே இன்னொரு முறை கொத்தி, நடுவில் இருந்த பட்டையை உரித்தெடுத்தாள். வெள்ளை மரம் ஈரமாகத் தெரிந்தது. மேலே ஓர் இலையும் அசையவில்லை. பட்டை போன மரம் உடனே சாகாது. நின்றபடியே பட்டினி கிடந்து சாகும். அது அவளுக்குத் தெரியும். அடுத்த மரத்துக்குப் போனாள்.

கேற்றுகள் திறந்தன. ஆட்கள் வந்து நின்றார்கள். நவரத்தினம் ஓடிவந்து, பொலிஸுக்கு அறிவிக்கப்போகிறேன் என்றார்.

"கூப்பிடுங்க ஐயா," என்றாள் அங்கம்மா, கத்தியை நிறுத்தாமல். "நானும் அவங்ககிட்டப் பேச வேண்டியது இருக்கு. அந்தக் குழிய யாரு வெட்டச் சொன்னதுன்னு இப்ப கேட்டாங்கன்னா, இங்க நிக்கிற எல்லாரையும் பேரு சொல்லிச் சாட்சிக்குக் கூப்புடுவேன்."

நவரத்தினம் கூப்பிடவில்லை. யாரும் கூப்பிடவில்லை. அன்றைக்கு நின்றதைப் போலவே நின்றார்கள். அவள் வீடு வீடாக, தண்ணீர் ஊற்றிய அதே ஒழுங்கில், பட்டை உரித்துக்கொண்டே போனாள். கையிலிருந்து இரத்தம் வழிந்தது. இடையில் ஒருமுறை மரத்தில் நெற்றியைச் சாய்த்து நின்றாள். அழுகிறாள் என்று நினைத்து ஒருத்தி கிட்டப் போனாள். மூச்சு வாங்கத்தான் நின்றிருந்தாள்.

கடைசியாக டோரினின் மரத்தடிக்கு வந்தாள். டோரின் மரத்தை மறைத்து நின்றாள்.

"என்ட மரத்த விடு அங்கம்மா. நான் ஒன்னப் பாக்க வந்தன்தானே."

"தள்ளிக்குங்கம்மா," என்றாள் அங்கம்மா. டோரின் விலகவில்லை. அங்கம்மா அவளைத் தோளில் பிடித்து ஒதுக்கிவிட்டுக் கொத்தினாள். முடிந்ததும் கத்தியைக் கழுவி, டோரினின் வாசற்படியில் வைத்துவிட்டுக் காலி வீதிப் பக்கமாக நடந்து போனாள்.

மாதங்கள் போகப் போக இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. சங்கத்தார் மருந்து அடித்தார்கள், காயங்களில் சாணி பூசினார்கள். ஒன்றும் தப்பவில்லை. காய்ந்த கொம்பு முறிந்து ஒரு வானின் கண்ணாடியில் விழுந்த பிறகு எல்லாவற்றையும் அடியோடு அறுத்து ஏற்றினார்கள். நவரத்தினமும் நேசமலரும் வீட்டை விற்றுவிட்டு மகனிடம் போய்விட்டார்கள்.

அங்கம்மா முகத்துவாரத்தில் கருவாடு காயப்போடும் வாடியொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். விரித்துப் போடுவதற்கு விரல் மடங்கத் தேவையில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்கு வந்த டோரின் அவளை விசாரித்துத் தேடி வந்தாள். வெயிலில் நின்றபடியே, மற்றவர்களுடைய மரங்களை உரித்தாய் சரி, என்னுடையதை ஏன் என்று கேட்டாள்.

அங்கம்மா கருவாட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "ஒங்க மரத்த விட்டிருந்தா, அவங்க எல்லாரும் வந்து அதுக்குக் கீழ நின்னிருப்பாங்க. நீங்களும் வாங்கன்னுதான் சொல்லியிருப்பீங்க."

டோரின் பையைத் திறந்தாள். கொண்டுவந்த பாணை ஒரு பெட்டிமேல் வைத்துவிட்டு பஸ் எடுக்கப் போனாள். காகங்கள் இறங்கத் தொடங்கின. அங்கம்மா அவற்றை விரட்டத் தடியை எடுத்தாள்.