கதவுக்கு வெளியே ஒரு டீச்சர்

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மூத்தவள் குளியலறைக் கதவைத் தட்டினாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே இளையவளின் குரல் வந்தது.

"இதோ அக்கா! இன்னிக்குக் கழித்தல். நாப்பத்திரண்டுல அஞ்சு போகணும். நேத்தே பிள்ளைங்க திருதிருன்னு முழிச்சுதுங்க. எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"

தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாக நின்ற மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் சொன்னாள்.

"குச்சியைப் பத்துப் பத்தாக் கட்டி வெச்சுக்கோ. நாலு கட்டு, ரெண்டு உதிரி. அஞ்சு கேட்டா உதிரி பத்தாதுல்ல? ஒரு கட்டைப் பிள்ளைங்களையே பிரிக்கச் சொல்லு. அப்புறம் போர்டுக்குப் போ."

அந்த வீட்டில் தினமும் காலை இப்படித்தான் விடியும். அண்ணனைக் கட்டியவளும் தம்பியைக் கட்டியவளும் ஒரே பள்ளியில் டீச்சர். இளையவளுக்கு இரண்டாம் வகுப்பு, நிரந்தர வேலை. மூத்தவளுக்கு மூன்றாம் வகுப்பு, தற்காலிக வேலை. பதினோரு வருடமாகத் தற்காலிகம். இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். இளையவள் வாங்குவதில் ஐந்தில் ஒரு பங்கு மூத்தவளுக்கு வரும், அதுவும் விடுமுறை மாதங்களில் வராது. ஆகவே முதல் குளியல், முதல் காபி, மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள நாற்காலி எல்லாம் இளையவளுக்கு. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் அவளுக்குச் சம்பளம் வந்த முதல் மாதமே அப்படி ஆகிவிட்டது.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. ஏன் எரியாது? வயது தாண்டிவிட்டது என்று நிரந்தர வேலைத் தேர்வுக்கான அவளுடைய விண்ணப்பம் திரும்பி வந்த அன்று, "உனக்கில்லாட்டி என்ன, அவளையாவது தயார் பண்ணு" என்றாள் மாமியார். பண்ணினாள். எட்டு மாதம் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். இளையவள் தேர்வானாள். ஐந்து நாள் பயிற்சிக்குப் போய் ஒரு தோள்பையும் சான்றிதழும் வாங்கி வந்தாள். தற்காலிகங்களுக்குப் பயிற்சி கிடையாது. அவர்கள் மேல் செலவு செய்வது வீண் என்று மேலே யாரோ எழுதியிருந்தார்கள். அந்தப் பை கூடத்து ஆணியில் தொங்கும். மூத்தவள் அதைப் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தாள்.

இளையவளுக்கும் ஒரு எரிச்சல் இருந்தது. அவள் வகுப்புப் பிள்ளைகள் கூடப் பல் விழுந்தால் அடுத்த வகுப்புக்கு ஓடி மூத்தவளிடம்தான் காட்டும்.

அந்த வாரம் பள்ளிகளைச் சோதிக்க அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "சம்பளத்தை வாரி வாரிக் குடுக்கிறாங்க. பிள்ளைக்கு ஒரு கணக்கு வரமாட்டேங்குது. முதல்ல இந்த டீச்சருங்களுக்குப் பரீட்சை வெக்கணும் சார்."

"எங்க வீட்டுலயே ரெண்டு இருக்கே!" என்று மாமனார் சிரித்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் பஸ்ஸின் கடைசி இருக்கை வரை போகும். "ஒண்ணுக்குச் சம்பளம் வரும், இன்னொண்ணுக்குப் பாடம் வரும்."

உள்ளே இரண்டு பேருமே அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் தலைமையாசிரியை மூத்தவளைத் தனியாகக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை நீங்க ரெண்டாம் வகுப்புல நில்லுங்க டீச்சர். உங்க ஓரகத்தி உங்க வகுப்பைப் பாத்துக்கட்டும். தற்காலிகத்தோட வகுப்புக்கு அதிகாரி வரமாட்டார். பேரு கேட்டா அவங்க பேரைச் சொல்லிடுங்க. அடுத்த வருஷத்துக்கு உங்க பேரைத்தான் முதல்ல எழுதப்போறேன். புரியுதில்ல?"

புரிந்தது. வீட்டில் மாமியாரும் புரியவைத்தாள். "அவளுக்கு ஒரு கெட்ட பேரு வந்தா வீட்டுக்கடனை யாரு கட்டுறது? நீயா?"

வெள்ளிக்கிழமை மூத்தவள் இரண்டாம் வகுப்பில் நின்றாள். குச்சிக் கட்டுகள் பிள்ளைகள் கையில் பிரிந்தன. எப்போதும் வாயே திறக்காத ஒரு பெண், "டீச்சர், கட்டைப் பிரிச்சா பன்னெண்டு உதிரி ஆயிடுச்சு!" என்று எழுந்து நின்று கத்தினாள். அதிகாரி கடைசி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து தானும் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தார்.

"இதுதாம்மா பயிற்சி! ஊரே டீச்சருங்களைத் திட்டுது. உங்க வகுப்பை வந்து பாக்கச் சொல்லணும்." தாளை விரித்து அதில் இருந்த இளையவளின் பெயரைப் படித்தார். "நீங்கதானே?"

தலைமையாசிரியை கதவோரம் நின்று தலையசைத்தார். ஆமாம் என்ற ஒரு சொல்தான் பாக்கி. மூத்தவளுக்குக் கூடத்து ஆணியில் தொங்கிய பை கண்ணுக்குள் வந்தது. இந்தப் பாராட்டும் அந்தப் பைக்குள் போய் விழப்போகிறது. உண்மை பேச வேண்டும் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. பொறாமையில்தான் திறந்தாள்.

"இல்லைங்க" என்று தன் பெயரைச் சொன்னாள். "நான் தற்காலிகம். இந்த வகுப்பு டீச்சர் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்காங்க. எனக்கு இதுவரைக்கும் ஒரு நாள் பயிற்சியும் தந்ததில்லைங்க."

தடுப்புக்கு அப்பால் பாடம் நின்றுபோனது. அதிகாரி தாளை மேலும் கீழும் பார்த்தார். சங்கடமாகத்தான் பார்த்தார்.

"இதுல நிரந்தரத்துக்கு மட்டும்தாம்மா வரிசை இருக்கு. உங்களை எங்க எழுதுறது? வகுப்பு நல்லா இருந்துச்சு. அதை வெறுமனே விடவும் முடியாது." இளையவளின் பெயருக்கு எதிரே 'மிக நன்று' என்று எழுதிப் பேனாவை மூடினார்.

இளையவளுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதே வாரம் மூத்தவளுக்கும் ஒரு கடிதம் வந்தது. சோதனையின்போது ஒழுங்கின்றி நடந்துகொண்டதால் இனி அவள் பணிக்கு வரத் தேவையில்லை. மாமியார் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு, "பாத்தியா, வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமில்ல" என்றாள்.

திங்கட்கிழமை காலை மூத்தவள் பழக்கதோஷத்தில் துண்டோடு வந்து நின்றாள். குளியலறைக் கதவு திறந்தே இருந்தது. இளையவள் வெளியே நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நீங்க முதல்ல போங்க அக்கா."

ஐந்து வருடத்தில் முதல் முறை. எங்கும் போக வேண்டாதவளுக்கு முதல் குளியல். மூத்தவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெளியிலிருந்து தயங்கித் தயங்கிக் குரல் வந்தது.

"அக்கா... இன்னிக்குப் பெருக்கல் தொடங்கணும். பிள்ளைங்க உங்களைத்தான் கேக்குதுங்க. எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?"

எங்கிருந்து என்பது அவளுக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எழுந்து நின்று கத்திய அந்தப் பெண்ணின் முகமும் வந்தது. மூத்தவள் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா? கேக்குதா?"

கையை நீட்டிக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.