சித்தப்பாவின் ஜாக்கெட்

கடையில் கள்ளன் புகுந்த பிறகு சித்தப்பா ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். அது சுடாது, வெடிச்சத்தம் மட்டும் போடும். ஜேர்மனியில் அதை வெளியே கொண்டு திரியவும் அனுமதி அட்டை வேண்டும். அட்டை வந்த நாளிலிருந்து, பால் வாங்கப் போனாலும் அது அவருடைய இடுப்பில் ஜாக்கெட்டுக்குள் இருக்கும்.

"பாலுக்கு என்னத்துக்கு?" என்று ரஞ்சினி சித்தி கேட்பார். "மாடு முட்டுமோ?"

இந்த வருடம்தான் வுப்பர்டால் கோயில் திருவிழாவில் சித்தப்பாவுக்கு முன்வரிசையில் சுவாமி தூக்க முதல்முறையாக இடம் கிடைத்தது. வயிறு தெரியக்கூடாதென்று இரவுச் சோற்றையே விட்டிருந்தார். வேட்டியும் ஜாக்கெட்டுமாக எங்களோடு பஸ்ஸில் வந்தார்.

கோயில் வாசலில் இரத்தினம் அண்ணை வெறும் மேலோடு நின்றார். "விமலநாதன், சட்டையைக் கழட்டிப்போட்டுக் கெதியா வாரும்! சுவாமி வெளிக்கிடப் போகுது."

சித்தப்பாவின் கை இடுப்புக்குப் போனது.

சித்தி அவரை ஓரமாக இழுத்தார். "கொண்டு வந்தனீங்களோ?"

"பழக்கத்திலை வந்திட்டுது."

"என்ரை பையுக்கை வையுங்கோ."

"ஏலாது. அட்டை என்ரை பேரிலை. நீர் வைச்சிருந்தால் குற்றம்."

"அப்ப நீங்களே வைச்சுக்கொண்டு நில்லுங்கோ."

"அதுவும் ஏலாது. திருவிழாவுக்கு அட்டை செல்லாது."

"நல்ல அட்டை! உங்களிட்டையிருந்து ஊரைக் காப்பாத்துது."

வீட்டுக்குப் போய்வர நேரமில்லை. இரத்தினம் அண்ணையிடம் தோள் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு, சித்தப்பா பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். தெருவை மறித்து நின்ற பொலிஸ்காரர் அவரைப் பார்த்தார்.

"இந்த வெயிலில் ஜாக்கெட்டா? கழற்றுங்களேன்" என்றார் ஜேர்மன் மொழியில்.

"குளிருது" என்றார் சித்தப்பா. நெற்றியில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

காய்ச்சலாக்கும் என்று பொலிஸ்காரர் பயந்துபோனார். ஓடிப்போய் ஒரு கதிரை கொண்டுவந்து மரநிழலில் போட்டு, சித்தப்பாவை இருத்தி, தண்ணீரும் கொடுத்தார். "எழும்பக்கூடாது" என்று பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

"நல்ல காவல்" என்றார் சித்தி. சித்தப்பா முறைத்தார்.

மேளம் நெருங்கியது. சித்தப்பாவின் இடத்தில் இரத்தினம் அண்ணை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சுவாமியைத் தூக்கி வந்தார். தெரு முழுவதும் "அரோகரா" என்று கைகள் தலைக்கு மேலே போயின. சித்தப்பா எழுந்து ஒரு கையை மட்டும் உயர்த்தினார். மற்றக் கை ஜாக்கெட் மேலே ஏறாதபடி அதன் விளிம்பை இழுத்துப் பிடித்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

சித்தி அதைக் கவனித்தார். பிறகு பொலிஸ்காரருக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் போய் நின்று, சேலைத் தலைப்பை அகல விரித்தார்.

"சரி, இப்ப ரெண்டு கையாலையும் கும்பிடுங்கோ."