ஒவ்வாமை: இல்லை

நோயாளிகளின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் புது ஏற்பாடு வந்து மூன்று மாதம். அதில் உங்களுக்குத் திருப்தியா என்று கேட்டு இருபது கேள்விகள். மதியத்துக்குள் முடிக்கச் சொல்லித் தலைமை நர்ஸ் பக்கத்திலேயே நின்றாள். வார்டு நர்ஸ் விரலாலேயே பொய் சொல்லிக்கொண்டு போனாள். 'மிகத் திருப்தி', 'மிகத் திருப்தி'. எதையாவது அமுக்காமல் அடுத்த பக்கம் திறக்காது; அந்தச் சனியனுக்கு அப்படியொரு பிடிவாதம்.

பதினான்காவது கேள்வி: 'ஒவ்வாமை விவரங்களைப் பதிவது எளிதாக உள்ளதா?'

விரல் நின்றது.

காலையில் சேர்ந்த பஸ் டிரைவரின் மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், பென்சிலின் போட்டால் அவருக்கு மூச்சு அடைத்துவிடும் என்று. கம்ப்யூட்டரில் மருந்துப் பட்டியலோ திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். வார்டில் எல்லாரும் செய்வதைத்தான் இவளும் செய்தாள். 'இல்லை' என்று அமுக்கிவிட்டு, மருந்தின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் போட்டுக்கொண்டாள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். அந்த அப்புறம் வரவே இல்லை.

பையைத் தொட்டாள். சீட்டு அங்கேயே இருந்தது. போட்டது போட்டபடி ஓடினாள்.

டிரைவர் காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தார். புது நர்ஸ் ஊசியும் கையுமாகக் குனிந்திருந்தாள்.

"நிறுத்து. என்ன மருந்து அது?"

"பென்சிலின் சிஸ்டர். டாக்டர் எழுதினாரு. ஒவ்வாமை இல்லைன்னுதானே கம்ப்யூட்டர்ல இருக்கு?"

"உள்ள போச்சா?"

"இன்னும் இல்ல."

போன உயிர் திரும்பி வந்தது. ஊசியை வாங்கித் தட்டில் வைத்தாள்.

வெந்நீர் வாங்கப் போயிருந்த டிரைவரின் மனைவி அப்போதுதான் வந்தாள். பென்சிலின் ஊசியைத் தடுத்துவிட்டார்கள் என்று மட்டும் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லவேளைம்மா. காலையில நான் சொன்னத நீங்க கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சதாலதான் இவரு பொழச்சாரு."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் தீர்ந்தது. அதற்குள் தலைமை நர்ஸ் பின்னாலேயே வந்துவிட்டாள். "இன்னும் ஏழு கேள்விதான். அமுக்கிட்டுப் போயேன்."

வார்டு நர்ஸுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. சீட்டை எடுத்து அந்த அம்மாளின் கையில் வைத்தாள்.

"நான் ஏத்தலம்மா. அதுல இல்லைன்னு போட்டதே நான்தான்."

அந்த அம்மாள் சீட்டைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். வெந்நீரைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலுக்கும் நர்ஸுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள்.